மாயாபஜார்: மனத்தை விட்டு இன்னும் இறங்காத காட்சி எது? (அனுபவப் பகிர்வு)

வண்டிச்சக்கரம்

கே. வி. ரெட்டி இயக்கி 1957இல் வெளிவந்த மாயாபஜார் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். கதையைத் திரும்பச் சொல்லும் தேவை இங்கு யாருக்கும் இருக்காது. பதினொரு வயதாகும் என் மகளுக்கு அண்மையில் முதன்முறையாக அதைப் போட்டுக் காட்டினேன். பிரியதர்சினிப் பெட்டி திறந்ததும், "இது மடிக்கணினிதானே அப்பா" என்று சிரித்தாள். இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் எல்லோரும் அந்த இடத்தில் அப்படித்தான் சிரிப்பார்கள் என்பதால் நானும் சிரித்து வைத்தேன். பார்ப்பவருக்கு எது உயிரோ அதை அந்தப் பெட்டி காட்டும். நாயகி வத்சலாவுக்குக் காதலன் அபிமன்யு தெரிகிறான், அவள் தந்தை பலராமருக்குத் துரியோதனன் தெரிகிறான், தாய் ரேவதிக்கு நகையும் மணியும் தெரிகின்றன. கண்ணன் பார்க்கும்போது சகுனி தெரிகிறான். அங்கே அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "கண்ணனுக்குச் சகுனியையா பிடிக்கும்?" என்று கேட்டாள்.

எதிரியையும் நேசிப்பவர்தான் கடவுள் என்று நான் உடனே ஒரு விடையைச் சொல்லிவிட்டேன். அது வாயில் வந்ததைச் சொன்னது என்று எனக்கே தெரிந்தது; அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதன் பிறகு அரை மணி நேரம் அவள் எதையும் கேட்கவில்லை. அந்த உறுத்தலில் படத்தைத் தனியாக இரண்டாம் முறை போட்டுப் பார்த்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. இந்தப் படத்தில் மாயப் பொருள் எதுவும் பொய் சொல்வதில்லை. பிரியதர்சினி மனத்தில் இருப்பதைக் காட்டிவிடுகிறது. சத்தியபீடம் தன் மேல் ஏறி நிற்பவனை உண்மை பேச வைத்துவிடுகிறது. பொய் முழுவதையும் பேசுகிறவர்கள், எந்த மாயமும் அறியாமல் பட்டாடை உடுத்திக்கொண்டு சம்பந்தம் பேச வருகிற பெரிய மனிதர்கள்தான். பெயரில் மாயத்தை வைத்துக்கொண்டு இப்படித் தலைகீழாக எடுத்திருக்கிறார்களே என்ற வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை. உங்களுக்கு அப்படி மனத்தில் தங்கிய ஒரு காட்சி இருந்தால் எழுதுங்கள்.

பழைய ஆபரேட்டர்

எழுபதுகளில் டூரிங் டாக்கீஸ் ஒன்றில் படம் ஓட்டியவன் நான். எங்களிடம் ஒரே ஒரு புரொஜெக்டர்தான் இருந்தது. ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்த ரீலை மாட்ட வேண்டும். தேய்ந்து கீறல் விழுந்த பிரிண்டாகத்தான் மாயாபஜார் எங்கள் ஊருக்கு வந்தது. "கல்யாண சமையல் சாதம்" முடிந்ததும் கொட்டகையே "ஒன்ஸ் மோர்" என்று கத்தியது, மணலை அள்ளித் திரையின் மேல் வீசினார்கள். முதலாளி வெளியிலிருந்து கையை ஆட்டினார். நானும் ரீலைக் கழற்றிச் சுற்றி மறுபடி மாட்டினேன். இரண்டாம் முறை ஓடும்போது நான் திரையைப் பார்க்கவில்லை. சுவர்த் துளை வழியாகத் தரைச் சீட்டுக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடோத்கஜனாக வரும் ரங்காராவின் வாய்க்கு லட்டு பறந்து போகும் ஒவ்வொரு முறையும், திரையின் வெளிச்சத்தில் முன்வரிசைக் குழந்தைகளின் வாய்கள் தாமாகத் திறந்து மூடின. எத்தனையோ நூறு படங்களை ஓட்டியும் அப்படி ஒன்றை நான் வேறெப்போதும் கண்டதில்லை.

ஆட்டம் முடிந்த பின் அந்த ரீலை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஓர் அடி நீளப் படச்சுருளில் பதினாறு சட்டங்கள் (ஃபிரேம்கள்) இருக்கும். ஒரு வினாடிக்கு இருபத்து நான்கு சட்டங்கள், அதாவது ஒன்றரை அடி ஓடும். ஒரு சட்டத்தில் இருக்கும் பண்டம் அடுத்த சட்டத்தில் இல்லை. கேமராவை நிறுத்தி, நடிகரை அசையாமல் இருக்கச் செய்து, பண்டத்தை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டியிருக்கிறார்கள் என்று அன்றைக்கே புரிந்துகொண்டேன். புரிந்த பிறகும் மறுநாள் ஆட்டத்தில் நானும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன் என்பதுதான் எனக்குப் புரியாத செய்தி.

நிழற்கூத்து

ஆபரேட்டர் ஐயா மன்னிக்க வேண்டும், பாதிதான் சரி. கேமராவை நிறுத்தி எடுத்தால் ஒரு பண்டம் மறையும், அல்லது தோன்றும், அது பறக்காது. பறப்பதைக் காட்டுவதற்கு அக்காலத்தில் இரண்டு வழிகள் வழக்கத்தில் இருந்தன. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பியில் கட்டி இழுப்பது ஒன்று. நடிகரின் வாயிலிருந்து பொருளை வெளியே விழச் செய்து, அதைத் தலைகீழ் ஓட்டமாகக் காட்டுவது மற்றொன்று. எந்த வழியானாலும் அந்தப் பாட்டில் தந்திரத்தைத் தாங்கி நிற்பது எஸ். வி. ரங்காராவின் உடம்புதான். லட்டு வரும் நேரத்துக்குத் தோள் குலுங்க வேண்டும், கண் முன்கூட்டியே அந்தப் பக்கம் போய்க் காத்திருக்க வேண்டும், கதாயுதத்தைக் கீழே வைக்கும் கை கூடப் பசியோடு இருக்க வேண்டும். கண் ஒரு நொடி பிந்தினாலும் தந்திரத்தின் குட்டு உடைந்துவிடும்.

என் அனுபவம் சிறியது. எண்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பக்கத்து வீட்டுக் கருப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில், "ஆகா இன்ப நிலாவினிலே" பாடலைக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கண்டசாலாவும் பி. லீலாவும் பாடுகிறார்கள், படகு நகர்கிறது, பெட்டிக்குள்ளிருந்து வந்த அந்த நிலவொளி முன்னால் உட்கார்ந்திருந்த பெண்களின் தலைப் பூவில் விழுந்தது. அவ்வளவுதான்.

இனிப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். முதலாவதாக, 2010இல் தெலுங்குப் பதிப்புக்கு வண்ணமேற்றி வெளியிட்டார்களே, அதைத் தயவுசெய்து முதல் முறைக்குப் பார்க்காதீர்கள். ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி இந்தப் படத்துக்கு எழுதிய கவிதை முழுவதும் கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே இருக்கும் சாம்பல் நிறத்தில்தான் இருக்கிறது. உண்மையான நிலா வெளிச்சம் அன்றைய படச்சுருளில் பதியும் அளவுக்குப் போதாது. ஆகவே நிலவை விளக்குகளால் செய்ய வேண்டியிருந்தது. தண்ணீரில் மின்னும் கோடுகளையும், முகத்தில் ஒரு பக்கம் மட்டும் தடவிவிட்டுப் போகும் வெளிச்சத்தையும், மறுபக்கம் முழு இருட்டாகிவிடாமல் காத்திருக்கும் பாங்கையும் பாருங்கள். நீல வண்ணத்தை அதன் மேல் பூசினால் நீலம் தெரியும், நிலா தெரியாது. இரண்டாவதாக, ஒரு முறை ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள். ஒரே படகில் முதலில் காதலர்கள், அடுத்துக் கண்ணனும் ருக்மிணியும், அதற்கடுத்துப் பலராமரும் ரேவதியும் என்று இணைகள் மாறிக்கொண்டே வர, நிலவு மட்டும் எல்லோர் மேலும் ஒன்றுபோல விழுகிறது. இந்த ரேவதிதான் பிறகு காதலர்களின் சம்பந்தத்தை முறிக்கப் போகிறாள் என்பதை அந்த வெளிச்சத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மூன்றாவதாக, துவாரகை நகரம் தெரியும் இடத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள். கலை இயக்குநர்கள் கோகலேயும் கலாதரும் ஐம்பதுக்கு அறுபது அடி இடத்துக்குள் முந்நூறு சிறு வீடுகளைக் கட்டி எழுப்பிய ஊர் அது. பொம்மை வீடுதானே என்று ஏளனம் செய்பவர்கள், கேமராவை எந்த உயரத்தில் வைத்தால் பொம்மை ஊராகும், எந்த உயரத்தில் வைத்தால் ஊர் பொம்மையாகும் என்பதைத் தம் வீட்டுக் கொலுவில் ஒரு முறை சோதித்துப் பார்க்கலாம்.

பவளமல்லி

யாரும் கேட்காத அறிவுரை நீண்டுவிட்டதால் நான் வத்சலாவாக நடித்த சாவித்திரியிடம் வருகிறேன். பெட்டியையும் லட்டையும் நிலவையும் பற்றி இவ்வளவு எழுதியவர்கள், ஒரு தந்திரக் காட்சியும் இல்லாமல் ஒரு பெண்ணின் முதுகெலும்பை வைத்து மட்டும் நிகழ்த்திய மாயத்தை எப்படி விட்டுவிட்டார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, தட்டை ஏந்திக்கொண்டு நடுக்கூடத்துக்கு நடக்க வேண்டியிருந்தது. சித்தி என் காதருகே வந்து, "தலையைக் குனிந்து, சாவித்திரி மாதிரி மெல்ல நட" என்றார். அவர் எந்தச் சாவித்திரியைச் சொன்னாரோ தெரியாது. என் கண்முன் வந்தது, மணப்பெண் வத்சலாவுக்குப் பதிலாக அவள் உருவில் இருக்கும் கடோத்கஜன்தான். அறையில் யாரும் இல்லாதபோது நெஞ்சை நிமிர்த்தி, புருவத்தை ஏற்றி, நிலம் அதிர நடந்துவிட்டு, வெளியே காலடி கேட்டதும் தோள் சுருங்கி, இடுப்பு வளைந்து, நாணம் வந்து உட்கார்ந்துகொள்ளும் அந்த உருவம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தட்டில் இருந்த காப்பி தளும்பிச் சொஜ்ஜியில் விழுந்தது. அந்தச் சம்பந்தம் அமையவில்லை.

பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்தச் சிரிப்பின் காரணத்தை என்னால் எண்ணிப் பார்க்க முடிந்தது. சாவித்திரி அங்கே நடிப்பது ஓர் ஆணை அன்று. பெண்ணாக நடிக்கும் ஓர் ஆணை. பெண்மை என்று நமக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட குனிவும் குழைவும் கூட ஓர் அரக்கன் அரைநாளில் பழகிக்கொள்ளக்கூடிய வேடம்தான் என்பதை அவர் தம் உடம்பாலேயே காட்டிவிடுகிறார். தெலுங்கில் அந்த உருவம் பாடி ஆடும் பாட்டின் நடுவே பி. சுசீலாவின் குரலைக் கிழித்துக்கொண்டு கண்டசாலாவின் ஆண்குரல் எழும்போது, சாவித்திரியின் கழுத்து நரம்பு வரை அந்தக் குரலுக்கு உரியதாக மாறுவதைப் பாருங்கள். மணமேடையில் மாப்பிள்ளையான துரியோதனன் மகன் லட்சுமண குமாரனின் காலை மிதிக்கும் இடத்தில் தியேட்டரில் பெண்கள் சிரிக்கும் சிரிப்பும் ஆண்கள் சிரிக்கும் சிரிப்பும் ஒன்றல்ல என்பது என் கணிப்பு.

வண்டிச்சக்கரம் அவர்களுக்கு ஒன்று. பெட்டியில் கண்ணன் கண்டதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். ரேவதி கண்டதில்தான் கதை இருக்கிறது. பாண்டவர்கள் சூதில் நாடிழந்தார்கள் என்ற செய்தி வந்ததும், சின்னஞ்சிறு வயதிலேயே பேசி வைத்த சம்பந்தம் கசந்துபோகிறது. சொத்துப் போனால் சொல்லும் போகும் என்ற அந்த நியாயத்தை அரக்கர் யாரும் கொண்டுவரவில்லை. மங்களகரமாகப் பொட்டு வைத்த ஒரு தாய், மகளின் நன்மைக்காக என்று நம்பிக்கொண்டே கொண்டுவருகிறாள்.

எல்லையோரத்தான்

நெல்லூர்ப் பக்கம் வளர்ந்ததால் இரண்டு மொழிப் படத்தையும் பார்த்துத் தொலைத்தவன் நான். அபிமன்யுவாகத் தெலுங்கில் நாகேஸ்வரராவ், தமிழில் ஜெமினி கணேசன், லட்சுமண குமாரனாக அங்கே ரேலங்கி, இங்கே தங்கவேலு, சகுனியாக அங்கே சி. எஸ். ஆர்., இங்கே நம்பியார். கண்ணனாக வரும் ராமாராவ், சாவித்திரி, ரங்காராவ் மூவரும் இரண்டிலும் உண்டு. தமிழ் உரையாடலையும் பாடலையும் எழுதிய தஞ்சை ராமையாதாஸின் பெயரை இவ்வளவு நேரம் யாரும் எடுக்காதது எனக்கு வருத்தமே.

ஒரு திரைப்படச் சங்கத்தில் இதைத் திரையிட்டபோது, படம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர் ஒருவர், "ஐயா, பாண்டவர்கள் எப்போது வந்தார்கள், நான் வெளியே போயிருந்தேனா?" என்று கேட்டார். மடக்கிய நாற்காலி கையில் இருக்க, அப்படியே நின்றுவிட்டேன். அவர்கள் வரவே இல்லை! மூன்று மணி நேரத்துக்கு அருகில் ஓடும் பாரதக் கதையில் ஐவரில் ஒருவரும் திரையில் தோன்றுவதில்லை. இருபது முறைக்கு மேல் பார்த்திருந்த நான் அதைக் கவனித்ததே இல்லை. அவர்களுடைய மக்களும், மனைவி சுபத்திரையும், அவர்களைப் பற்றிய பேச்சும் படத்தை நிறைத்துவிடுவதால், அவர்கள் எங்கோ அடுத்த அறையில் இருக்கிறார்கள் என்றே மனம் எண்ணிக்கொள்கிறது. லட்டைப் பறக்கவிட்டது எந்த வழி என்று சண்டை போடுகிறவர்கள், ஐந்து பேரைக் கம்பியும் இல்லாமல் தலைகீழ் ஓட்டமும் இல்லாமல் மறைத்து வைத்த இந்தத் திரைக்கதைத் தந்திரத்துக்கும் ஒரு பெயர் கண்டுபிடிக்கட்டும்.

சிறுமியின் கேள்விக்கு என் விடை இது. சகுனி இல்லாவிட்டால் கண்ணனுக்கு அந்தப் படத்தில் வேலை இல்லை. மற்ற எல்லோரும் காய்கள். காயை நகர்த்தத் தெரிந்தவர்கள் இருவரே. ஆட்டக்காரனுக்கு எதிராளியைவிட உகந்தவர் யார்?

வண்டிச்சக்கரம்

எல்லையோரத்தான் அவர்களின் விடையை மகளிடம் படித்துக் காட்டினேன். "அப்படியென்றால் சகுனி பெட்டியைப் பார்த்திருந்தால் கண்ணன் தெரிந்திருப்பாரா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்ப் பூசை அறையிலிருந்த மணைப்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் ஏறி நிற்க வேண்டுமாம், அதுதான் சத்தியபீடமாம். ஏறி நின்றேன். சகுனி தன் வாயாலேயே தன் சூழ்ச்சியைக் கொட்டும் அந்தக் கடைசிக் கட்டத்தில் நம்பியார் முழிப்பதைப் போலவே நானும் முழித்ததாக என் மனைவி சொல்கிறார். "அன்றைக்குக் கடவுள் என்று சொன்னீர்களே, அது தெரிந்து சொன்னதா, தெரியாமல் சொன்னதா?" என்றாள். தெரியாமல்தான் என்றேன். "சரி, இறங்குங்கள்" என்று சொல்லிவிட்டு மணையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பழைய ஆபரேட்டர்

நிழற்கூத்து சொல்வது சரி, நிறுத்தி எடுத்தால் பறக்காது. ஐம்பது ஆண்டுகளாகப் பாதியை மட்டுமே வைத்துக்கொண்டு முழுதும் தெரிந்தவனாக இருந்திருக்கிறேன். மணை ஏறும் நேரம் வந்துவிட்டதால் நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று இரவு அந்தப் பாட்டை ஓட்டியது இரண்டு முறை அன்று, மூன்று முறை. மூன்றாவது, கூட்டம் கலைந்து, முதலாளி கல்லாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகு, கார்பன் குச்சி தீர்ந்துபோகும் என்று தெரிந்தே, வெறும் மணலுக்கு ஓட்டினேன்.