மலிவு விலை டூல்ஸ்: தினசரி வேலைக்குத் தாங்குமா?

லேத்பட்டறை:

"எத்தனை நாள் தாங்கும்" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அது போகும்போது கூட எது போகும் என்பதுதான் கணக்கு. சுத்தியல் பிடி முறிந்தால் வேறு பிடி போட்டுக்கொள்ளலாம். 13 ஸ்பேனர் வாய் விரிந்தால் போல்ட் தலை மழுங்கும். அப்புறம் வெல்டு வைத்து நட்டைப் பிடித்துக் கழற்றவேண்டிய செலவு ஒரு செட் ஸ்பேனர் விலையைத் தாண்டிவிடும்.

ஸ்பேனரை வாங்கும் கடையிலேயே பார்த்துவிடலாம். புது M8 போல்ட் ஒன்றைப் பையில் கொண்டுபோங்கள், தலை 13 மி.மீ. வாயில் மாட்டி ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் இருக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் மாட்டவே முடியாது. கால் மில்லிக்கு மேல் ஆட்டம் என்றால் ஸ்பேனர் வாய் போல்ட் தலையின் முனைகளை மட்டும் பிடிக்கும், பக்கத்தைப் பிடிக்காது. 8.8 கிரேடு M10 போல்டை முறுக்க 45 முதல் 50 நியூட்டன் மீட்டர் தேவை. 20 செ.மீ. நீள ஸ்பேனரில் அது சுமார் 24 கிலோ இழுப்பு. மலிவு ஸ்பேனர் அந்த இழுப்பைத் தாங்கும். துருப்பிடித்த நட்டுக்குப் பைப் போட்டு இழுக்கும்போதுதான் வாய் திறக்கும்.

"குரோம் வெனடியம்" என்று மேலே அச்சடித்திருப்பதை நம்பவேண்டாம், அச்சுக்குக் காசு ஆகாது. பிடியின் ஓரத்தில் சின்ன அரத்தை ஒருமுறை இழுங்கள். கடினப்படுத்திய ஸ்பேனரில் அரம் வழுக்கிக்கொண்டு கொஞ்சமாகத்தான் பிடிக்கும். மைல்டு ஸ்டீல் மாதிரி தூள் கொட்டினால் வைத்துவிட்டு வாருங்கள். (கடைக்காரர் முறைப்பார். பரவாயில்லை.) ஓப்பன் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2028, ரிங் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2029 என்று இந்தியத் தரநிலை இருக்கிறது. டபாரியா மாதிரி கம்பெனி சரக்குக்கும் பெயரில்லாத செட்டுக்கும் விலை இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம் வரும். தினமும் கை வைப்பது 10, 13, 17, 19 இந்த நான்கும்தான். அந்த நான்கை மட்டும் நல்லதாக வாங்கிக்கொண்டு, வருஷத்துக்கு இருமுறை தொடும் 22, 24 எல்லாம் மலிவில் எடுத்தால் நஷ்டமில்லை.

டிரில் பிட் விஷயம் வேறு. தங்க நிறம் பூசியதெல்லாம் ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல், சூட்டிலும் பதம் நிற்கும் இரும்பு) ஆகிவிடாது. பின்பக்கத் தண்டை பெஞ்சு கிரைண்டரில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்துச் சிதறும் பொறி வந்தால் கார்பன் ஸ்டீல். மங்கலான சிவப்பில் குட்டையாக வந்தால் ஹெச்.எஸ்.எஸ். ஆனால் சில பிட்டில் தண்டு ஒரு இரும்பு, வெட்டும் பாகம் வேறு இரும்பு. சந்தேகம் இருந்தால் முனையிலேயே பாருங்கள். கார்பன் ஸ்டீல் 250 டிகிரியைத் தாண்டினாலே பதம் இறங்கிவிடும், ஹெச்.எஸ்.எஸ். 600 டிகிரி வரை நிற்கும். முனை நீலமாகிறது என்றால் பாதித் தப்பு ஓட்டுபவர் மேல். 10 மி.மீ. பிட்டுக்கு இரும்பில் நிமிஷத்துக்கு 800 சுற்று போதும். 3 மி.மீ. பிட்டுக்கு 2,500 வரை போகலாம். எல்லாவற்றையும் 2,800-இல் ஓட்டிவிட்டு பிட்டைத் திட்டினால் எப்படி?

கிரில்வேலை:

நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டர் (கையில் பிடித்து இரும்பு, கல் வெட்டும் மெஷின்) பற்றி. 1,200 ரூபாய்க்குக் கிடைக்கும் பெயரில்லா மெஷின் பெரும்பாலும் டிவால்ட் கம்பெனியின் 801 மாடலின் நகல். இதில் ஒரு நன்மை: ஆர்மேச்சர் (சுழலும் காயில்), ஃபீல்டு காயில் (அதைச் சுற்றி நிற்கும் காயில்), கார்பன் (ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கும் கட்டி), சுவிட்ச் எல்லாம் எந்த ஊர் ஸ்பேர் கடையிலும் தொங்கும். ஆன்லைனில் மட்டும் விற்கும் வினோத வடிவ மெஷினுக்கு கார்பன்கூடக் கிடைக்காது, அதைத் தொடாதீர்கள்.

தினமும் ஓட்டுவதாக இருந்தால் வாங்கிய அன்றே மூன்று வேலை செய்யவேண்டும்.

கியர் தலையைக் கழற்றிப் பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள், அறையில் பாதிக்கு மேல் வேண்டாம். நிறைய வைத்தால் சூடாகி சீல் வழியாக ஆர்மேச்சர் பக்கம் வரும்.

பேரிங்கில் தகட்டு மூடி (ZZ) இருந்தால் ரப்பர் சீல் (2RS) போட்டதாக மாற்றுங்கள். கல், டைல்ஸ் வெட்டுபவர்களுக்கு இது கட்டாயம். தூசி உள்ளே போய்த்தான் பின் பேரிங் கத்த ஆரம்பிக்கும். அது ஆடினால் ஆர்மேச்சர் ஃபீல்டில் உரசும், அத்தோடு மெஷின் முடிந்தது.

கார்பனை எடுத்து நீளம் பாருங்கள், 5 மி.மீ.க்கு வந்தால் மாற்றவேண்டும். நல்ல கம்பெனி மெஷினில் கார்பன் தேய்ந்தால் தானாக நின்றுவிடும் வகை உண்டு. மலிவு மெஷின் நிற்காது, பொறி பறக்க ஓடி கம்யூட்டேட்டரை (ஆர்மேச்சரில் கார்பன் உரசும் செம்பு வளையம்) தின்றுவிடும்.

சில மெஷினில் செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி சுற்றியிருக்கும். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட சுமார் ஒன்றரை மடங்குக்கு மேல். அதனால் அதே வேலைக்கு அதிகச் சூடு. வாடை வந்தவுடன் சுவிட்சை அணைப்பதுதான் பலர் செய்யும் தவறு. லோடு இல்லாமல் ஒரு நிமிஷம் ஓடவிடுங்கள், உள்ளே இருக்கும் ஃபேன் காற்றடித்து ஆற்றும்.

மெஷின் மலிவாக இருக்கலாம். வீல் மலிவாக இருக்கக்கூடாது, இதில் பேரமே இல்லை. 100 மி.மீ. கட்டிங் வீலில் 80 மீ/வி, அதிகபட்சம் 15,300 ஆர்.பி.எம். என்று இருக்கும். மெஷின் 11,000 ஓடும், ஆகவே இடைவெளி உண்டு. நடு வளையத்தில் மாதமும் வருஷமும் குத்தியிருப்பது காலாவதித் தேதி. ரெசின் பிடிப்பு உள்ள வீலுக்கு மூன்று வருஷம்தான் கணக்கு, ஈரத்தில் கிடந்தால் அதற்கு முன்பே பிடிப்பு போய்விடும். தேதி இல்லாத வீல், ஓரம் சில்லுப் போன வீல் இரண்டும் குப்பைக்கு. வீலை மூடும் பாதுகாப்பு கார்டைக் கழற்றிவிட்டு ஏழு அங்குல வீல் மாட்டுகிறவர்களுக்கு: 180 மி.மீ. வீல் 11,000-இல் விளிம்பில் நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டும். அது தாங்கும் என்று எழுதியிருப்பது 80.

ஒயர்மேன்:

கிரில்வேலை சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன்: என் துறையில் மலிவு என்றால் உயிரோடு விளையாட்டு, ஆனால் எல்லாப் பொருளிலும் இல்லை.

டெஸ்டருக்குள்ளே ஒரு நியான் விளக்கும் சுமார் ஒரு மெகா ஓம் ரெசிஸ்டரும் உண்டு. அந்த ரெசிஸ்டர்தான் 230 வோல்ட்டை உங்கள் விரலுக்கு வராமல் தடுக்கிறது. இருபது ரூபாய் டெஸ்டரில் அது எந்த லட்சணத்தில் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். டபாரியா 813 மாதிரி ஒன்றை வாங்கி, அதை ஸ்க்ரூ திருப்பப் பயன்படுத்தாமல் இருந்தால் போதும். திருப்பித் திருப்பித்தான் பிளாஸ்டிக் விரிசல் விடுகிறது.

கட்டிங் பிளேயர் பிடியில் சிவப்பு உறை இருப்பது வழுக்காமல் இருக்க. இன்சுலேஷன் என்றால் இரட்டை முக்கோணக் குறியும் 1000V என்ற எழுத்தும் இருக்கவேண்டும். அது ஐ.இ.சி. 60900 தரம், ஒவ்வொன்றும் 10,000 வோல்ட்டில் சோதிக்கப்பட்டது. குறி இல்லாததை மெயின் அணைத்த வேலைக்குத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

200 ரூபாய் மஞ்சள் மல்டிமீட்டர், அதாவது DT830 வகை. பேட்டரி, கண்டினியூட்டி, சின்ன சர்க்யூட் எல்லாம் சரியாகவே காட்டும். ஆபத்து 10A துளையில் இருக்கிறது. பக்கத்திலேயே "ஃபியூஸ் இல்லை" என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள். ஆம்பியர் பார்த்துவிட்டு லீடை மாற்ற மறந்து பிளக் பாயின்ட்டில் வைத்தால் உள்ளே இருப்பது தடிமனான ஒரு கம்பி மட்டும், நேர் ஷார்ட். லீடு நுனி உருகித் தெறிக்கும். போர்டு வேலைக்கு CAT III 600V போட்ட மீட்டர் வாங்குங்கள். 200 ரூபாய் மீட்டரின் 10A துளையை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டு வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

டூவீலர்:

எழுநூறு ரூபாய் 46 பீஸ் சாக்கெட் செட்டைத் திட்டுபவர்கள் அதிகம். 8, 10 சாக்கெட்டுக்கு அது போதும். கால் அங்குல டிரைவில் (சாக்கெட் மாட்டும் சதுர முனை) 13, 14 போட்டு இழுக்கும்போதுதான் எக்ஸ்டென்ஷன் முறுக்கிக்கொள்ளும், ராட்செட்டின் பல் நழுவும். இறுகிய நட்டை முதலில் ரிங் ஸ்பேனரால் தளர்த்திவிட்டு, மிச்சத்தை ராட்செட்டால் சுற்றினால் செட் பல வருஷம் வரும்.

ஜப்பான் வம்சத்து வண்டிகளில் எஞ்சின் கவர் ஸ்க்ரூ தலையில் சின்னப் புள்ளி இருக்கும். அது ஜே.ஐ.எஸ். (ஜப்பான் தரநிலை) ஸ்க்ரூ. சாதாரண பிலிப்ஸ் திருப்புளியின் முனை அதில் முழுசாக உட்காராது, எழும்பி வெளியே வந்து தலையை வழித்துவிடும். மலிவு, விலையுயர்ந்தது என்பதெல்லாம் இங்கே இரண்டாவது, வடிவம்தான் முதலில். சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் மலிவானதே போதும், கூட வரும் பிட்டை மட்டும் எறிந்துவிட்டு எஸ்-2 ஸ்டீல் பிட் போடுங்கள். துரு எண்ணெய் விட்டு பத்து நிமிஷம் கழித்து, இடதுபக்கம் திருகிப் பிடித்துக்கொண்டு நேராக ஒரு அடி.

ஜாக்கி ஸ்டாண்டு (தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்பது) மட்டும் வேறு கதை. 2020-இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரெய்ட் என்ற மலிவு டூல் கடை நிறுவனம் லட்சக்கணக்கான ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. பூட்டும் பல் நழுவியதுதான் காரணம். ஆளைக் காக்கும் பொருளில் பத்து ரூபாய்கூட மிச்சம் பிடிக்கவேண்டாம்.

மரவேலை:

எஃப் கிளாம்ப், ஜி கிளாம்ப் எல்லாம் மலிவிலேயே வாங்கலாம், எண்ணிக்கைதான் முக்கியம். உளி வேண்டாம். மலிவு உளியின் விளிம்பு கடினமரத்தில் பத்துத் தட்டுக்குள் மடங்கும், தீட்டியே பொழுது போகும்.

ரசமட்டம் எந்த விலையிலும் வாங்கலாம், சோதித்து வாங்கினால். மேசையில் வைத்து குமிழ் நிற்கும் இடத்தைப் பார்த்து, அதே இடத்தில் 180 டிகிரி திருப்பி வையுங்கள். குமிழ் மேசையின் அதே பக்கம் நோக்கி, அதே அளவு தள்ளி நிற்கவேண்டும். மூலைமட்டத்துக்கும் இதே வித்தைதான்: கோடு போட்டு, புரட்டி, இன்னொரு கோடு. நடுவில் விழும் இடைவெளி உண்மையான தவறின் இரண்டு மடங்கு. அளக்கும் டேப்பின் முனைக் கொக்கி லேசாக ஆடுகிறதே என்று ரிவெட்டை இறுக்கிவிடாதீர்கள். கொக்கியின் தடிமன் அளவுக்கு அது ஆடியே ஆகவேண்டும், உள் அளவும் வெளி அளவும் அப்போதுதான் ஒத்துவரும்.

கிரில்வேலை:

கார்டுலெஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. "48V", "88V" என்று ஒட்டியிருக்கும் மலிவு மெஷின்களைப் பிரித்தால் பெரும்பாலும் உள்ளே ஐந்து 18650 செல் (உருளை வடிவ லித்தியம் செல்) வரிசையாக. ஐந்துக்கு 3.6 வீதம் 18 வோல்ட், முழு சார்ஜில் 21. அதற்குமேல் அந்த ஐந்து செல்லால் தரமுடியாது. செல்களைச் சமமாக வைக்கும் போர்டு இல்லாத பேக்கில் ஒரு செல் முதலில் செத்து மற்ற நாலையும் இழுத்துக்கொண்டு போகும். பேட்டரியை சார்ஜரிலிருந்து எடுத்து ஒவ்வொரு செல்லையும் மீட்டரில் பாருங்கள், 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் அந்தப் பேக்கை ராத்திரி சார்ஜில் விட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.