பக்கவாதத்துக்கு ஸ்டெம் செல்: ஊசிக்கு முன் கேட்க வேண்டியவை

ஸ்டெம் செல்லை (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்லை) எந்த வழியாக ஏற்றுகிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். கையின் ரத்தக்குழாயில் ட்ரிப் போல ஏற்றினால் பெரும்பகுதி நுரையீரலின் நுண்குழாய்களிலேயே சிக்கிவிடும். மூளைக்குப் போய்ச் சேர்வது சொற்பம். சேர்ந்தவையும் புது நரம்புச் செல்லாக மாறி, பக்கவாதத்தில் செத்த மூளைப் பகுதியை நிரப்பிவிடுவதில்லை. வளர்ச்சிப் புரதங்களைச் சுரந்துவிட்டு மறைந்துபோகின்றன. அந்தப் புரதங்களின் உதவியால் எஞ்சிய நரம்புகள் புது இணைப்பு போடும் என்பதுதான் எதிர்பார்ப்பு.

*

நேரடியாக மூளையில் செலுத்தியும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர் கேரி ஸ்டைன்பெர்க்கின் குழு 18 பேருக்கு மண்டையோட்டில் துளையிட்டு 25 லட்சம், 50 லட்சம், ஒரு கோடி செல்கள் என மூன்று அளவுகளில் வைத்தது. 2016இல் வந்த முடிவில் அசைவு கூடியிருந்தது. உலகமே நம்பிக்கை கொண்டது. ஆனால் அதில் ஒப்பீட்டுக் குழு இல்லை. அடுத்து 163 பேரிடம், ஒரு பகுதியினருக்குச் செல் வைக்காமல் பெயரளவு அறுவை மட்டும் செய்து ஒப்பிட்டபோது முதன்மை இலக்கு எட்டப்படவில்லை என்று 2019இல் அறிவித்தார்கள். இந்தியாவில் 120 பேரிடம் எலும்பு மஜ்ஜைச் செல்லை ரத்தக்குழாய் வழியே ஏற்றிப் பார்த்த 2014 ஆய்விலும் பலன் தெரியவில்லை. யாராவது வெற்றிக் கதை சொன்னால், "எதோடு ஒப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள்.

*

மேலே சொன்னதோடு இதையும் சேர்க்க வேண்டும். பல இடங்களில் ஊசியோடு தினமும் பல மணிநேரப் பிசியோதெரபியும் தருகிறார்கள். கை தேறினால் பெயர் ஊசிக்குப் போய்விடுகிறது. அதனால் போவதற்கு முன்பே, அந்த மருத்துவமனையைச் சேராத ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் பக்கவாதத்துக்குப் பின் அசைவை அளக்கும் ஃபியூகல்-மேயர் மதிப்பெண் எடுத்து வையுங்கள். கைக்கு மொத்தம் 66. ஓரிரு புள்ளி ஏறுவது அளப்பவரின் வேறுபாடாகவே இருக்கலாம். ஐந்துக்கு மேல் ஏறினால்தான் அன்றாட வேலையில் தெரியும்.

முதுகுத்தண்டில் போடும் ஸ்டெம் செல் ஊசி எனக்குப் பெரும் கவலை தருகிறது. பல நாடுகளில் அப்படிப் போட்டுக்கொண்ட ஒருவருக்குத் தண்டுவடத்திலேயே கட்டி வளர்ந்தது; அதிலிருந்தவை பிறருடைய செல்கள். 2016இல் மருத்துவ இதழில் பதிவானது.

பாதித்த கையின் மணிக்கட்டு 20 பாகையும் விரல்கள் 10 பாகையும் தானாக நிமிர்ந்தால், அந்தக் கையையே வேலை செய்யவைக்க நல்ல கைக்கு உறை மாட்டும் பயிற்சிக்கு உடனே கேளுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம், இரண்டு வாரம், கூடவே தினமும் பயிற்சி. 222 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்துப் பலன் தெரிந்த முறை இது. நடை தடுமாறுபவர் பிடிமானம் தேவைப்படும் இடங்களில் உறையைக் கழற்றிவிட வேண்டும்.