ஓடிப்போற நாய்க்கு ஷொக் பட்டி போடலாமா? (திருகோணமலை)

உவர்மலை வளவு:

எல்லாருக்கும் வணக்கம். எங்கட சீசருக்கு ரெண்டு வயசு. லாப்ரடோர் கலப்பு, கடுவன். வளவின்ர பின்பக்க மதில் தாழ்வு. காலமை மீன்காரரின்ர ஹோர்ன் கேட்டால் போதும், மதிலால பாய்ஞ்சு அவரின்ர மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால கடற்கரை றோட்டு மட்டும் ஓடுவான். போன கிழமை கோட்டைப் பக்கம் மான்களைக் கலைச்சுக்கொண்டு நிண்டவனாம். ஒரு ஓட்டோக்காரத் தம்பி அடையாளம் கண்டு ஏத்திக்கொண்டு வந்து விட்டவர். சிலநாள் இரவிலயும் போயிடுவான், விடியத்தான் வருவான்.

இவர் ஒன்லைனில ஒரு ரிமோட் கழுத்துப்பட்டி பாத்து வச்சிருக்கிறார். பீப் சத்தம், அதிர்வு, ஷொக் எல்லாம் இருக்கு. ஷொக்கை 1 இல இருந்து 100 வரைக்கும் கூட்டிக் குறைக்கலாமாம், 800 மீற்றர் வரைக்கும் வேலை செய்யுமாம். எனக்கு மனம் ஒப்பேல்ல. ஆனா அவன் பஸ்ஸில அடிபட்டுச் சாகிறதை விட இது பரவாயில்லையோ எண்டும் இருக்கு. பாவிச்ச ஆக்கள் இருந்தால் சொல்லுங்கோ. வீட்டில ஆறு வயசுப் பிள்ளையும் இருக்கு.

தம்பலகாமம் வயற்காரன்:

நான் பாவிக்கிறன் அக்கா. எங்கட நாய் பக்கத்து ஆட்டுப்பட்டியைக் கலைக்கிறவன். முதல் என்ர கையில வச்சு அமத்திப் பாத்திட்டுத்தான் அவனுக்குப் போட்டனான். குறைஞ்ச அளவில முள்ளுக் குத்தின மாதிரி ஒரு சுள்ளு, அவ்வளவுதான். இப்ப பீப் கேட்டாலே நிண்டிடுவான். ஆட்டைக் கடிச்சிருந்தால் ஆரும் நஞ்சு வச்சு முடிச்சிருப்பினம். அளவோட பாவிச்சால் அது வதை இல்லை.

நாலுகால் சிநேகிதி:

தங்கச்சி, வாங்கவேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன். டவுனில ஒரு மிருக வைத்தியரிட்ட கனகாலம் உதவியாளரா நிண்டனான். புண் கழுவி மருந்து கட்டுறது என்ர வேலை. அங்க கண்டதை வச்சுச் சொல்லுறன்.

அந்தப் பட்டியின்ர உள்பக்கம் ரெண்டு உலோக முளை இருக்கும். மயிருக்கு மேலால நிண்டால் வேலை செய்யாது, தோலில முட்டோணும். அதால இறுக்கித்தான் போடவேணும். போட்டதை ராப்பகலா அப்பிடியே விட்டால் முளை அமத்துற இடத்தில தோல் செத்துப்போகும். சடை மயிர் நாய் ஒண்டு வந்தது, மணம்தான் முதல் வந்தது. பட்டியைக் கழட்டி மயிரை விலக்கினால் கழுத்தில ரெண்டு குழி, சுண்டுவிரல் நுனி போகும், உள்ளுக்குள்ள வெள்ளைப் புழு நெளியுது. நான் ஒவ்வொண்டா இடுக்கியால எடுக்க, அது என்ர மணிக்கட்டை நக்கிக்கொண்டு நிண்டது. கரண்ட் சுட்டுப்போட்டுது எண்டு வீட்டுக்காரர் நினைச்சவை. இல்லை, அது அமுக்கத்தால வந்த புண். ஷொக்கை ஒருக்காலும் அமத்தாட்டிலும் வரும். நாய் கடலில குளிச்சு ஈரத்தோட நிண்டால் இன்னும் கெதியா வரும். எங்கட வெக்கைக்கு இலையான் முட்டை புழுவாக ஒரு நாள் போதும்.

தம்பலகாமம் தம்பி நாய்க்குக் கிட்ட நிண்டு, அது ஆட்டைப் பாக்கிற அந்த நேரத்திலயே அமத்துறார். உங்களுக்கு அது சரிவராது. சீசர் பாயேக்க நீங்கள் குசினியில நிப்பீங்கள். ரிமோட்டைத் தேடி எடுத்து அமத்திறதுக்குள்ள அவன் எங்க நிக்கிறான், எதைப் பாக்கிறான் எண்டு தெரியாது. நோ வாற நேரம் கண்ணுக்கு முன்னால எது நிக்குதோ, அதுதான் தன்னை நோகப்பண்ணினது எண்டு நாய் எடுக்கும். அது மீன்காரராகவும் இருக்கலாம், பள்ளிக்கூடம் போற பிள்ளையாகவும் இருக்கலாம். அடுத்தமுறை அந்த ஆளைக் கண்டால் ஒண்டில் பதுங்கும், இல்லாட்டிக் கடிக்கும். கடிபட்ட ஆள் பிறகு விசர்நாய்த் தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரியில நிக்கோணும். உங்கட பிள்ளையின்ர கையில ரிமோட் அம்பிட்டால் என்ன நடக்கும் எண்டும் யோசியுங்கோ.

800 மீற்றர் எண்டுறது வெட்டவெளிக் கணக்கு. உவர்மலையின்ர மேட்டுக்கும் மதிலுக்கும் வீடுகளுக்கும் நடுவில அவ்வளவு தூரம் எடுக்காது.

இங்கிலாந்தில லிங்கன் பல்கலைக்கழகத்து ஆக்கள் 63 நாயளை வச்சுச் செய்த ஆய்வு 2014 இல வந்தது. கூப்பிட்டால் வராத, ஆடு கலைக்கிற நாயள்தான். ஷொக் பட்டியால பழக்கினதுக்கும் தீனி குடுத்துப் பழக்கினதுக்கும் பலனில பெரிய வித்தியாசம் காணேல்ல. பட்டி போட்டதுகளில பதட்டம்தான் கூட. வேல்ஸில 2010 இலேயே தடை செய்திட்டினம். எங்கட மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டினது, அப்ப இப்பிடி ஒரு சாமான் உலகத்திலயே இல்லை. அதால சட்டம் மறிக்கும் எண்டு பாத்துக்கொண்டு நிக்காமல் நாங்கள்தான் யோசிக்கோணும்.

நீங்கள் எழுதினதை வாசிக்க எனக்கு ரெண்டு வேற வேற ஓட்டம் தெரியுது. காலமை ஓடுறது மீனுக்கு. இரவில போறது பெட்டைக்கு. கருத்தடை ஒப்பரேஷன் செய்யேல்ல எண்டு நினைக்கிறன். பருவத்துக்கு வந்த பெட்டையின்ர மணம் காத்தில வந்தால் 100 இல அமத்தினாலும் சிலது நிக்காது, கத்திக்கொண்டே ஓடும். முதல் அந்த ஒப்பரேஷனைச் செய்யுங்கோ. எல்லாக் கடுவனும் முற்றா நிக்கும் எண்டு சொல்லமாட்டன், ஆனா கனக்க நாயள் அலையிறதைக் குறைச்சதைப் பாத்திருக்கிறன். றோட்டுப் பெட்டையளிட்டப் போய் உறுப்பில கட்டி தொற்றிக்கொண்டு, ரத்தம் சொட்டச் சொட்ட வாற கடுவனுகளுக்கும் நான் மருந்து கட்டினனான். அந்த வருத்தத்தில இருந்தும் தப்புவான்.

உவர்மலை வளவு:

அக்கா, புழுவை வாசிச்ச உடனை இவர் அந்தப் பக்கத்தை மூடிப்போட்டார். ஒப்பரேஷன் செய்தால் சோம்பேறியாகிக் காவல் காக்கமாட்டான் எண்டு மாமி சொல்லுறா, உண்மையே? மீன்காரருக்குப் பின்னால ஓடுறதை எப்பிடி மறிக்கிறது?

நாலுகால் சிநேகிதி:

காவலுக்கு ஒண்டும் வராது எண்டு மாமிக்குச் சொல்லுங்கோ. படலையில ஆள் வந்தால் கருத்தடை செய்த பெட்டை நாயும் குலைக்குது தானே. உடம்பு வைக்கும், அது உண்மை. சோத்தைக் கொஞ்சம் குறைச்சு, பின்னேரம் நடத்திக்கொண்டு போங்கோ.

மீன்காரரிட்ட ஒண்டு கேளுங்கோ: மீன் வெட்டிக் குடுத்திட்டுச் செவுளையும் குடலையும் நாயளுக்கு எறியிறவரோ? அப்பிடி எண்டால் சீசர் ஒவ்வொரு நாளும் சம்பளம் வாங்கிக்கொண்டு நிக்கிறான். அவரைக் குறை சொல்லாமல், உங்கட ஒழுங்கையில மட்டும் எறியவேண்டாம் எண்டு மரியாதையாக் கேளுங்கோ.

மதிலுக்குக் கிட்ட உடுப்புத் தோய்க்கிற கல்லோ பூச்சாடியோ இருந்தால் அகற்றுங்கோ, அதில கால் வச்சுத்தான் பாய்வான். மதிலுக்கு மேல ரெண்டடிக்குக் கம்பி வலை அடிச்சு, உள்பக்கம் சாய்ச்சு விடுங்கோ. வலை வரும் வரைக்கும் அந்த நேரத்தில கயிறு. மீன்பிடிச் சாமான் விக்கிற கடையில நைலோன் கயிறு ஒரு பத்து மீற்றர் வாங்குங்கோ. கழுத்தில கட்டவேண்டாம், நெஞ்சுப்பட்டியில கொழுவுங்கோ, பாய்ஞ்சு இழுத்தால் குரல்வளை நோகும்.

ஹோர்ன் தூரத்தில கேக்கேக்கயே, அவன் துள்ள முதல், ஒருக்காக் கூப்பிட்டு அவிச்ச கோழி ஈரல் ஒரு துண்டு குடுங்கோ. கருவாடு வேண்டாம், உப்பு. ஈரல் அந்த நேரத்துக்கு மட்டும்தான், சோத்தோட போட்டால் மதிப்புக் கெட்டிடும். அப்பிடியே செய்துகொண்டு வர, ஹோர்ன் கேட்டால் உங்களிட்ட வருவான். கூப்பிட்ட உடனை குளிப்பாட்டவோ சங்கிலி போடவோ கூடாது. விடிய வந்து நிக்கேக்க அடிக்கவும் கூடாது, அடிச்சால் வீட்டுக்கு வந்ததுக்குத்தான் அடி எண்டு எடுப்பான்.

விசர்நாய் ஊசி வருசம் தவறாமல் போடுங்கோ. மான்களோட விளையாட்டு இல்லை, புள்ளிமான் சட்டத்தால பாதுகாக்கப்பட்ட உயிர்.

நிலாவெளிக் கரை:

தொலைஞ்சிடுவான் எண்ட பயத்துக்கு ஜிபிஎஸ் பட்டி பாருங்கோ. அதில ஷொக் இல்லை, சிம் போட்டால் எங்க நிக்கிறான் எண்டு போனில காட்டும். சாவிக்குக் கொழுவுற புளூடூத் வில்லை வாங்கிடாதேங்கோ, பக்கத்தில ஆற்றையும் போன் இருந்தால்தான் அது பிடிக்கும். போன் நம்பர் பொறிச்ச தகடும் கட்டாயம் கொழுவுங்கோ.

தம்பலகாமம் வயற்காரன்:

சிநேகிதி அக்கா, நீங்கள் சொல்லுறது மதில் உள்ள ஆக்களுக்குச் சரி. எங்களுக்கு வயல்வெளி. மதில் எங்க, வலை எங்க? ஈரல் துண்டைக் காட்டினால் ஆட்டை விட்டிட்டு வருவானே?

நாலுகால் சிநேகிதி:

ஆட்டைக் கண்டு வெறி பிடிச்ச நேரம் வரமாட்டான் தம்பி, அது எனக்கும் தெரியும். ஆடு தூரத்தில நிக்கேக்க, கயிறோட நிண்டு பழக்கோணும். அது கன மாத வேலை. அதுவரைக்கும் ஆடு மேயிற நேரத்தில ரெண்டு மரத்துக்கு இடையில கம்பி இழுத்து, சங்கிலியை அதில ஓட விடுங்கோ. நிழலும் தண்ணியும் சங்கிலி எட்டுற இடத்தில இருக்கோணும்.

இப்ப பீப்புக்கு நிக்கிறான் எண்டு சொல்லுறீங்கள் தானே, அப்ப ஷொக் தேவையில்லை. முளை ரெண்டையும் கழட்டிப்போட்டுப் பீப்பை மட்டும் பாவியுங்கோ, நிண்ட உடனை ஏதும் தின்னக் குடுங்கோ. முளை இல்லாட்டில் இறுக்கவும் தேவையில்லை, ரெண்டு விரல் போற அளவுக்குத் தளர்த்தி விடலாம். இண்டைக்குப் பின்னேரம் பட்டியைக் கழட்டி, மயிரை விலக்கி, தொண்டைப் பக்கம் ரெண்டு பக்கமும் தடவிப் பாருங்கோ. சிவப்போ ஈரமோ இருந்தால் உப்புத் தண்ணியால கழுவித் துடைச்சு, காயும் வரைக்கும் ஒரு பட்டியும் போடாதேங்கோ. மணம் வந்தால் வீட்டில வச்சிருக்காமல் அரச மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கோ.