புதுப்பிப்பு: டகாட்டா ஏர்பேக் பற்றி ஒரு திருத்தம், கூடவே ஒரு பழைய பெல்ட் கதை

போன வாரம், ஜப்பானின் டகாட்டா நிறுவனம் தயாரித்த கார் ஏர்பேக் பற்றி எழுதிய இழையில், "பழசானால் வெடிக்கும்" என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். வாசகர் ஒருவர் பிடித்துவிட்டார். அது பாதி உண்மைதான்.

பையை ஊத வைக்கும் உலோகக் குப்பிக்குள் இருப்பது அம்மோனியம் நைட்ரேட். ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்காத குப்பிகளில், காற்றின் ஈரப்பதமும் பகலுக்கும் இரவுக்கும் மாறும் வெப்பமும் பல ஆண்டுகளில் அதைச் சிதைத்துவிடுகின்றன. விபத்தில் பை விரிய வேண்டிய நேரத்தில் சிதைந்தது மிக வேகமாக எரியும். அழுத்தம் தாங்காமல் குப்பியே கிழிந்து, உலோகத் துண்டுகள் பையைப் பொத்துக்கொண்டு முகத்துக்கும் கழுத்துக்கும் பாயும். புளோரிடா, மலேசியா போன்ற புழுக்கமான இடங்களில் ஆபத்து கூடுதலானது இதனால்தான். 2014இல் புளோரிடாவின் ஆர்லாண்டோவில் ஒரு பெண் இப்படி இறந்தபோது, கழுத்துக் காயங்களைப் பார்த்த காவல்துறை முதலில் கத்திக்குத்து என்றே சந்தேகித்தது. காரைக் கொண்டுவந்து பழுது நீக்கிக்கொள்ளச் சொல்லும் கடிதம் அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வந்தது.

சீட் பெல்ட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அங்கும் இதே நிறுவனம்! 1995இல் அமெரிக்காவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. கொக்கியில் அழுத்தும் பொத்தானின் பிளாஸ்டிக் நாளடைவில் நொறுங்கி, துணுக்குகள் உள்ளே விழுந்தன. பூட்டியதுபோலத் தோன்றும், பூட்டியிருக்காது.

"ஏர்பேக்கைக் கழற்றிவிடலாமா?" என்று கேட்டவருக்கு: வேண்டாம். சேசிஸ் எண்ணைக் கார் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டுப் பாருங்கள். திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகளின் பட்டியலில் இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள்.