செம்மண் புல்தரையில் தண்ணி இறங்கல, துளை போட்டா சரியாகுமா?

தருமபுரி வாசி:
வீட்டு முன்னாடி 400 சதுர அடி கொரியன் புல், போட்டு 3 வருஷம் ஆச்சு. ஹோஸ் பிடிச்சா தண்ணி மேலாகவே ஓடி கேட்டுகிட்ட தேங்குது. நடுவுல மஞ்சள். யூரியா வெச்சும் பலனில்லை. ஆணி வெச்ச செருப்பு போட்டு நடந்தா போதும்ங்கறாங்க, சரிதானா?

செம்மண்:
யூரியாவை நிறுத்துங்க. காத்து கிடைக்காத வேர் உரத்தை எடுக்காது. தண்ணி விட்ட மறுநாள் நீள ஸ்க்ரூடிரைவரைக் கையால் அழுத்திப் பாருங்க. 3 இஞ்சு இறங்கலேன்னா மண் இறுகிடுச்சு.

ஆணிச் செருப்பு வேண்டாம். ஆணி மண்ணை எடுக்கறதில்லை, பக்கவாட்டுல நெருக்குது. துளையைச் சுத்தி இன்னும் கெட்டியாகும். மண்ணை உருவி வெளியே எடுக்கணும். வெல்டிங் பட்டறையில அரை இஞ்சு ஜி.ஐ. பைப் 2 துண்டு, 4 இஞ்சு இடைவெளியில வெச்சு, மிதிக்க ஒரு பட்டை, மேல கைப்பிடின்னு ஒரு கருவி செய்யச் சொல்லுங்க. பைப்போட பக்கத்துல நீளமா ஒரு ஜன்னல் வெட்டச் சொல்லுங்க, இல்லேன்னா மண் உள்ளேயே அடைச்சுக்கும். சதுர அடிக்கு 9 துளை கணக்குல 1,800 மிதி வரும். 3 நாளாப் பிரிச்சுக்கங்க, இடுப்பு முக்கியம்! சொட்டுநீர்க் குழாய், விளக்கு ஒயர் போற இடத்தை முதல்ல குறிச்சிடுங்க.

ஓசூர் தோட்டம்:
சித்திரை வெயில்ல செய்யாதீங்க. ஆடிக்கு மேல, ஐப்பசி அடைமழைக்கு முன்னாடி முடிச்சா புல் சீக்கிரம் மூடும். எங்க பக்கம் மார்கழிக் குளிர்ல கொரியன் புல் வளராம நிக்கும், அப்பவும் கூடாது.

துளை போட்டதும் கழுவின எம்.சாண்ட் 2 பங்கு, சலிச்ச மண்புழு உரம் 1 பங்கு கலந்து 5 மி.மீ. தூவி, துடைப்பத்தால் துளைக்குள்ள தள்ளுங்க. உங்க அளவுக்கு 6.5 கன அடி, சிமெண்ட் சாக்குல அஞ்சாறு. கழுவாத எம்.சாண்ட் தூள் துளையையே அடைச்சிடும். அரைகுறையா மக்கின சாணம் கரையானை இழுக்கும்.

தருமபுரி வாசி:
உருவின மண்ணை அள்ளிடணுமா? போர் தண்ணிதான் விடறோம்.

செம்மண்:
அள்ள வேண்டாம். காஞ்சதும் ரேக் முதுகால் உடைச்சுப் பரப்புங்க. கோரைக்கிழங்கு மட்டும் பொறுக்கிடுங்க.

போர் தண்ணி உப்பால மண் மேல வெள்ளைப் பொருக்கு தெரிஞ்சா விஷயம் வேற. பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துல மண்ணையும் தண்ணியையும் பரிசோதிக்க விசாரிங்க. சோடியம் அதிகம்னு வந்தா மட்டும் ஜிப்சம்.