அமெரிக்க ராணுவத்தில் ஒரு காலத்தில் 80 பேர்தான் இருந்தார்களாமே?

குமரிக்கரை:

எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செமினாருக்கு 'அமெரிக்கப் படைகளின் வளர்ச்சி' என்ற தலைப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. படித்துக்கொண்டே வந்தபோது, 1784ல் அமெரிக்க ராணுவத்தில் மிஞ்சியது மொத்தமே 80 பேர் என்று ஒரு வரி. யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்து முழுசாக மூன்று வருஷம்கூட ஆகாத நேரம் அது. அச்சுப்பிழையா, நிஜம்தானா? நிஜம் என்றால் அந்த 80 பேரிலிருந்து இன்றைய நிலைக்கு எந்த இடத்தில் திரும்பியது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திங்கட்கிழமை நான் பேச வேண்டும்.

நடுவாந்திரம்:

இரண்டாம் உலகப் போர்தான், வேறென்ன? 1939ல் ராணுவத்தில் இருந்தவர்கள் சுமார் 1,90,000 பேர். 1945ல் 80 லட்சத்துக்கு மேல். இந்த இரண்டு எண்ணைப் போர்டில் எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள்.

பிட்ஸ்பர்க் தாத்தா:

தம்பி குமரிக்கரை, அச்சுப்பிழை இல்லை. நான் வரலாறு படித்தவன் அல்ல. மில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இப்போது மகள் வீட்டோடு பிட்ஸ்பர்க்கில் இருக்கிறேன். அந்த 80 பேரில் 25 பேர் காவல் இருந்தது இந்த ஊரில்தான், பிட் கோட்டையில். இரண்டு ஆறுகள் கூடி ஓஹையோ ஆறாகப் புறப்படும் முனை அது. இப்போது பூங்காவாக்கிவிட்டார்கள். 1764ல் கட்டிய சின்னச் செங்கல் காவல் வீடு ஒன்று மட்டும் அப்படியே நிற்கிறது. மற்ற 55 பேர் நியூயார்க் மாநிலத்து வெஸ்ட் பாயிண்டில்.

1784 ஜூன் 2ஆம் தேதி காங்கிரஸ் (அந்த நாட்டு நாடாளுமன்றம்) போட்ட தீர்மானத்தில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், அந்த 80 பேருக்குக் கொடுத்த வேலை சண்டை போடுவது அல்ல, போரில் மிஞ்சிய சாமான்களைக் காப்பது. அதாவது ஸ்டோர் வாட்ச்மேன். கேப்டனுக்கு மேல் ஓர் அதிகாரியும் இருக்கக் கூடாது என்றும் எழுதிவிட்டார்கள். வாஷிங்டன் முந்தின வருஷம்தான் 2,631 பேர் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். யார் கேட்டார்கள்?

கையில் காசு இல்லை என்பது முதல் காரணம். வரி போடும் அதிகாரமே அன்றைய காங்கிரஸுக்குக் கிடையாது. இரண்டாவது, பயம். 1783 ஜூனில் சம்பள பாக்கி கேட்டு சுமார் 400 சிப்பாய்கள் பிலடெல்பியாவில் அரசு மாளிகையைச் சூழ்ந்துகொண்டார்கள். காங்கிரஸ் மூட்டை கட்டிக்கொண்டு பிரின்ஸ்டனுக்குப் போய்விட்டது. சம்பளம் வாங்காத படை எவ்வளவு ஆபத்து என்று பார்த்தவர்கள், சம்பளத்தைக் கொடுக்க வழி தேடியிருக்கலாம். படையைக் கலைத்தார்கள். அதுவும் மறுநாளே, எல்லைக்கு ஆள் போதாது என்று நான்கு மாநிலங்களிடம் 700 பேர் கேட்டார்கள்!

சரி, திருப்பத்துக்கு வருகிறேன். 1790ல் ஒரு சிப்பாயின் மாதச் சம்பளம் 3 டாலர். அதில் உடுப்புக்கு 90 சென்ட், மருந்துச் செலவுக்கு 10 சென்ட் பிடித்தம். கைக்கு வருவது 2 டாலர். இந்தக் காசுக்கு யார் வருவார்கள்? வேறு போக்கிடம் இல்லாதவர்கள்தான். அடுத்த வருஷம் ஆறு மாத ஒப்பந்தத்தில் ஆள் பிடித்து, ஆர்தர் செயின்ட் கிளேர் தலைமையில் ஓஹையோ காட்டுக்குள் அனுப்பினார்கள். தளபதிக்கு வாதம், ஒழுங்காக நடக்கக்கூட முடியாது.

சரக்கு சப்ளை கான்ட்ராக்ட் எடுத்தவர் வில்லியம் டூயர் என்ற நியூயார்க் பணக்காரர். அரசு கொடுத்த முன்பணத்தைத் தன் ஊக வணிகத்தில் போட்டுவிட்டார். படைக்கு வந்தது நைந்த பூட்ஸ், மழையில் ஒழுகும் கூடாரம், மட்டமான வெடிமருந்து. மாவு வராமல் படை வழியில் காத்துக் கிடந்தது. நடுவில் மிலிஷியாக்காரர்கள், அதாவது நிலையான படையைச் சேராத உள்ளூர்த் துணைப்படையினர், சுமார் 60 பேர் ஓடிப்போனார்கள். அவர்கள் பின்னால் வரும் உணவு வண்டிகளைக் கொள்ளையடித்துவிடக் கூடாதே என்று, படையிலேயே ஓரளவு பயிற்சி பெற்றிருந்த முதல் ரெஜிமெண்டைத் திருப்பி அனுப்பினார் செயின்ட் கிளேர். ஸ்டோர்ஸில் இருந்தவனுக்கு இந்த இடம் வயிற்றைப் பிசையும்: சாமான் சரியாக வராததால் சண்டை போடத் தெரிந்த ஆளையே சாமானுக்குக் காவல் அனுப்ப வேண்டியதாயிற்று.

1791 நவம்பர் 4, விடிகாலை. மயாமி மக்களின் தலைவர் லிட்டில் டர்டில், ஷானி மக்களின் ப்ளூ ஜாக்கெட் ஆகியோர் தலைமையிலான கூட்டணி வாபாஷ் ஆற்றங்கரை முகாமை வளைத்துக்கொண்டது. சுமார் 1,400 பேரில் 600க்கு மேல் செத்தார்கள். பூர்வகுடிகளிடம் அமெரிக்கப் படை வாங்கிய அடியில் இதைவிடப் பெரியது கிடையாது. இன்னொன்றையும் செமினாரில் சொல்லுங்கள்: அந்தப் படை அங்கே போனதே அந்த மக்களின் நிலத்துக்காகத்தான். அவர்கள் தங்கள் ஊரைக் காத்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். பிரதிநிதிகள் சபை விசாரணை வைத்தது, அந்த நாட்டின் முதல் நாடாளுமன்ற விசாரணை. தளபதி மேல் குற்றம் இல்லை, சப்ளையும் நிர்வாகமும்தான் கெட்டது என்று முடிவு சொன்னது. டூயர் 1792 நிதி நெருக்கடியில் திவாலாகிக் கடன்காரர் சிறைக்குப் போனார். காங்கிரஸ் 5,000 பேருக்கு மேல் கொண்ட 'லீஜன்' என்ற புதுப் படைக்குப் பணம் ஒதுக்கியது. பொறுப்பேற்றவர் ஆண்டனி வெயின். பிட்ஸ்பர்க்கில் சாராயக் கடைகள் அதிகம், பையன்கள் உருப்பட மாட்டார்கள் என்று, 1792 குளிர்காலத்தில் படையை ஆற்றோடு சுமார் 20 மைல் கீழே கொண்டுபோய் முகாம் போட்டார். இன்றைய பேடன் ஊரை ஒட்டிய இடம். அங்கே மாதக்கணக்கில் டிரில், குறி பார்த்துச் சுடுதல், பயனெட் என்ற துப்பாக்கிமுனைக் கத்திப் பயிற்சி. நான்கு பிரிவுக்கும் தனித்தனி நிறம்: வெள்ளை, சிவப்பு, மஞ்சள், பச்சை. 1794 ஆகஸ்ட் 20, ஃபாலன் டிம்பர்ஸ் சண்டை ஒரு மணி நேரம் போல நடந்து முடிந்துவிட்டது. தோற்றுப் பின்வாங்கிய பூர்வகுடிக் கூட்டணியினர் ஓடிப்போய் நின்ற பிரிட்டிஷ் கோட்டை கதவைத் திறக்கவே இல்லை.

படை என்றால் வருஷம் முழுக்கச் சம்பளம், பயிற்சி, சப்ளை என்று அந்த நாடு முதலில் ஒத்துக்கொண்டது இங்கேதான் என்பது என் கருத்து. ஆனால் அதுவும் முழுத் திருப்பம் இல்லை. நடுவாந்திரம் சொன்ன எண்கள் சரிதான், முடிவில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

கடலோடி:

தாத்தா வரும் வரைக்கும் நான் கொஞ்சம். கடற்படை கதையும் இதே மாதிரிதான். 1775 அக்டோபர் 13 தொடக்க நாள் என்று கொண்டாடுகிறார்கள். ஆனால் கடைசிப் போர்க்கப்பலான 'அலையன்ஸ்' 1785ல் விற்றாயிற்று. பராமரிக்கக் காசில்லை. அதே வருஷம் வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸ்காரர்கள் இரண்டு அமெரிக்க வணிகக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டார்கள். கேட்க நாதியில்லை. 1794ல்தான் ஆறு பெரிய போர்க்கப்பல் கட்டச் சட்டம் வந்தது. அந்த ஆறில் ஒன்றான 'கான்ஸ்டிடியூஷன்' பாஸ்டன் துறைமுகத்தில் இன்றும் மிதக்கிறது.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றும் உண்டு. 1782ல் பென்சில்வேனியா மாநிலம் தன் வணிகக் கப்பல்களைக் காக்க ஒரு கப்பல் ஏற்பாடு செய்தது. பெயர் 'ஹைதர் அலி'. நம்ம மைசூர் ஹைதர் அலியேதான்! 1780ல் காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூரில் அவர் படை ஆங்கிலேயரை அடித்த செய்தி அங்கே வரைக்கும் போயிருந்தது. அதன் கேப்டன் ஜோஷுவா பார்னிக்கு வயது 22. டெலவேர் விரிகுடாவில் தன்னைவிடப் பெரிய பிரிட்டிஷ் கப்பல் 'ஜெனரல் மாங்க்' நெருங்கி வந்தது. சுக்கான் பிடிப்பவனிடம், நான் கத்திச் சொல்வதற்கு நேர்மாறாகத் திருப்பு என்று முன்பே சொல்லி வைத்தார். எதிரி அந்தக் கத்தலை நம்பித் திரும்பி, கயிறும் பாயும் சிக்கி மாட்டிக்கொண்டான். அரை மணிக்குள் கொடி இறங்கியது.

குமரிக்கரை:

ஹைதர் அலி கப்பலா! செமினாரை அதில்தான் தொடங்கப்போகிறேன். நன்றி கடலோடி அண்ணா. தாத்தா, மீதியையும் சொல்லிவிடுங்கள். 1945ல் 80 லட்சம் பேர் என்பது திருப்பம் இல்லை என்றால் எதுதான் திருப்பம்?

பிட்ஸ்பர்க் தாத்தா:

வந்துவிட்டேன். தம்பி, ஆள் கூடியதை மட்டும் பார்த்தால் 1865லும் கூடித்தான் இருந்தது. உள்நாட்டுப் போர் தொடங்கியபோது நிலையான ராணுவம் சுமார் 16,000 பேர். முடிந்தபோது வடக்குப் படையில் சுமார் பத்து லட்சம். 1870களின் நடுவில் திரும்பவும் 25,000 அளவுக்கு இறங்கிவிட்டது. காட்டாறு மாதிரி, மழைக்குப் பெருகும், அப்புறம் மணல்தான்.

பெருகும்போதெல்லாம் சாமான் பின்தங்கிவிடும். 1917ல் முதல் உலகப் போரில் இறங்கியவர்கள் ஆளை லட்சக்கணக்கில் அனுப்பினார்கள், பீரங்கிக்குப் பிரான்ஸிடம் கையேந்தினார்கள். அவர்கள் சுட்ட பீரங்கியில் பெரும்பகுதி பிரெஞ்சு 75 மில்லிமீட்டர். டாங்க், விமானம்கூட அதிகம் பிரெஞ்சுச் சரக்கு. போர் முடிந்ததும் வழக்கம்போல் கடையைக் கட்டினார்கள். 1941ல் லூசியானாவில் சுமார் நான்கு லட்சம் பேரை வைத்து மாபெரும் ஒத்திகை நடத்தியபோது, போதுமான டாங்க் இல்லாமல் லாரிகளில் 'டாங்க்' என்று எழுதி ஒட்டி ஓட்டினார்கள். அந்தக் கோடையில் கட்டாய ராணுவச் சேவையை நீட்டிக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் எத்தனை வாக்கில் தப்பியது தெரியுமா? 203க்கு 202. பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்குவதற்கு நான்கு மாதம் முன்பு!

1945ல் 80 லட்சம் ஆனது 1950ல் ஆறு லட்சத்துக்கும் கீழே. இதுதான் நடுவாந்திரத்துக்கு என் பதில். அந்தப் போரும் பழைய வழக்கத்தை மாற்றவில்லை. நடுவில் சில நல்ல காரியங்கள் நடந்தன, இல்லை என்று சொல்லவில்லை. 1947ல் விமானப்படை தனிப் படையானது. 1948 ஜூலையில் அதிபர் ட்ரூமன், படையில் இனப் பாகுபாடு கூடாது என்று ஆணையிட்டார். கறுப்பின வீரர்கள் நிஜமாகவே மற்றவர்களோடு ஒரே பிரிவில் நின்றது கொரியப் போரில்தான்.

நான் திருப்பம் என்று சொல்வது 1950 ஜூலை 5. கொரியாவில் ஓசான் ஊருக்கு வடக்கே, ஸ்மித் என்ற லெப்டினன்ட் கர்னலின் கீழ் சுமார் 540 பேர் மழையில் நிற்கிறார்கள். ஜப்பானில் காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அவசரமாக விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்டவர்கள். எதிரே வருவது வட கொரியாவின் டி-34 டாங்குகள், முப்பதுக்கு மேல். கையில் இருந்த 2.36 அங்குல பஸூக்கா (தோளில் வைத்து டாங்கைச் சுடும் ராக்கெட் குழாய்) குண்டுகள் அந்த டாங்கின் இரும்பில் பட்டுத் தெறித்தன. அதைத் துளைக்கக்கூடிய 3.5 அங்குல பஸூக்கா அமெரிக்காவிடம் இருந்தது, இவர்கள் கைக்கு வந்து சேரவில்லை. பீரங்கிக்கும் டாங்கைத் துளைக்கும் குண்டு ஆறுதான். ஆறு! சாமான் கிட்டங்கியில் இருக்கிறது, வேலை நடக்கும் இடத்தில் இல்லை என்றால் அது இல்லாததற்குச் சமம். என் வேலைக்காலம் முழுக்க இதற்காகத்தான் அதிகாரிகளிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு ராணுவச் செலவு மூன்று மடங்காக ஏறியது. 1953ல் சண்டை நின்ற பிறகும் பழைய அளவுக்கு இறங்கவே இல்லை. ஐரோப்பாவில் படை, ஜப்பானில் படை, கொரியாவில் படை, எல்லாவற்றுக்கும் சாமான் தயார். போர் முடிந்தும் ஸ்டோரைப் பூட்டாத முதல் தடவை அதுதான். சோவியத் பயம் காரணம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இது நல்லதா என்று கேட்டால், எனக்கு இரண்டு மனது. பூட்டாத ஸ்டோரில் சரக்கு இருக்கிறது என்பதற்காகவே வியட்நாம்வரை போனார்கள் என்று வாதிடவும் இடம் இருக்கிறது.

இன்னொன்று: அரசியல் சாசனத்தில், ராணுவத்துக்கு ஒரே தடவையில் இரண்டு வருஷத்துக்கு மேல் பணம் ஒதுக்கக் கூடாது என்று 1787ல் எழுதிய வரி இன்றும் இருக்கிறது. 1783ல் பிலடெல்பியாவை விட்டு ஓடிய பயம் அந்த வரியில் தெரியும்.

அட்லாண்டா அம்மா:

பெரியவரே, இடையில் ஒரு சொந்தச் சந்தேகம். அங்கே கட்டாய ராணுவச் சேவை இப்போதும் உண்டா? என் மகனுக்கு 18 ஆகப்போகிறது. இன்னும் எச்4 விசாவில்தான், அதாவது வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கான விசாவில்தான், இருக்கிறான். நண்பர்கள் எல்லாம் ஏதோ பதிவு பற்றிப் பேசுகிறார்களாம், வீட்டில் வந்து கேட்கிறான்.

பிட்ஸ்பர்க் தாத்தா:

பயப்படாதீர்கள் அம்மா. ஆள் எடுப்பது 1973ல் நின்றுவிட்டது. அதற்குத் தயாராக 1971லேயே புதுச் சிப்பாயின் சம்பளத்தை நன்றாக உயர்த்தினார்கள். 3 டாலரில் பிடித்தம் போட்ட காலத்திலிருந்து அங்கே வந்து சேர இத்தனை வருஷம். இப்போது இருப்பவர்கள் எல்லோரும் விரும்பிச் சேர்ந்தவர்கள். பையன்கள் பேசுவது பெயர்ப் பதிவு பற்றி. அதை 1980ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 18 முதல் 25 வயதுவரை உள்ள ஆண்கள் பதிவில் இருக்க வேண்டும். குடிமக்கள், கிரீன் கார்டுக்காரர்கள் இருவருக்கும் பொருந்தும். எச்4 விசா செல்லுபடியாக இருக்கும்வரை உங்கள் மகனுக்கு அது கிடையாது. 26 வயதுக்குள் கிரீன் கார்டு கிடைத்தால் மறக்காமல் கவனியுங்கள். என் பேரனுடையதை மகள்தான் பார்த்துக்கொண்டாள். அரசுத் தளத்திலேயே விவரம் எல்லாம் இருக்கிறது.

குமரிக்கரை, செமினார் எப்படிப் போனது என்று திங்கட்கிழமை இங்கே வந்து எழுது.