தோட்டச் சுவருக்கு 1,35,000 ரூபாய் நியாயமான தொகையா?

ராமமூர்த்தி நகர் வாசகி:
பின்புறத் தோட்டத்தில் 30 அடி நீளம், 5 அடி உயரத்தில் 6 அங்குல சாலிட் பிளாக் (உள்ளே துளையில்லாத கான்கிரீட் கல்) சுவர் எழுப்ப, மேஸ்திரி ஒருவர் 1,35,000 ரூபாய் கேட்கிறார். அவர் எழுதித் தந்த தாளில் மொத்தத் தொகை மட்டுமே உள்ளது. இதை எப்படி மதிப்பிடுவது?

அல்சூர் வாசகர்:
அம்மா, அந்தத் தொகைக்குள் என்னென்ன வேலை அடங்குகிறது என்று தெரியாமல் எவராலும் பதில் சொல்ல இயலாது. 16க்கு 8 அங்குல முகமுள்ள கல் என்றால், 150 சதுர அடிக்கு உடைசல் சேர்த்து ஏறத்தாழ 180 கற்கள் போதும். இருபுறமும் பூசினால் பூச்சு 300 சதுர அடி வரும். இவற்றை எளிதில் சரிபார்க்கலாம். ஆனால் அஸ்திவாரத்தின் ஆழம், பெல்ட் கான்கிரீட் (சுவரின் நீளம் முழுவதும் கம்பி கட்டி இடும் கான்கிரீட் பட்டை), தூண்களின் எண்ணிக்கை, கம்பியின் கனம் ஆகியவற்றில்தான் விலை பெரிதும் மாறும் என்பதால், அவற்றைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அதே அளவுகளைக் கொடுத்து இன்னும் இரண்டு மேஸ்திரிகளிடம் விலை கேளுங்கள்.

ஜெயநகர் வாசகர்:
குறைந்த விலை என்று மகிழ்ந்து நாங்கள் ஒப்புக்கொண்ட சுவர், அஸ்திவாரம் ஓரடிகூட இல்லாததால் இரண்டாவது மழையிலேயே விரிசல் கண்டது. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. சுவரின் ஒரு பக்கம் மண் உயரமாக இருந்தால் நீர் வடியும் துளைகளும் அவசியம். குழி தோண்டியதும் நீங்களே அளந்து பாருங்கள்.

ராமமூர்த்தி நகர் வாசகி:
மிக்க நன்றி. விவரப் பட்டியல் கிடைத்த பின்பே முன்பணம் கொடுப்பேன்.